கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒன்பது பாட்டுகள்: ‘டேர்’ ஆல்பத்தை முழுதாகக் கேட்ட ஒரு வட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஒரு ஆல்பத்தை எடுத்துக் கேட்போம், அப்புறம் பேசுவோம். பெரிய விதிகள் எதுவும் கிடையாது. இங்கே எழுதப்போவது தி ஹியூமன் லீக் குழுவின் ‘டேர்’ ஆல்பத்தைக் கேட்கப் போய் நடந்தது. 1981 அக்டோபரில் வந்த ஆல்பம் அது. பிரிட்டிஷ் சின்த்பாப்பின், அதாவது சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தை வைத்து அமைத்த பாப் இசையின், ஆரம்பக் காலத்தைப் பற்றிப் பேசும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆனாலும் பெரும்பாலானோருக்கு அதில் தெரிந்தது ஒரே ஒரு பாட்டுத்தான், ‘டோன்ட் யூ வான்ட் மீ’. பிரிட்டனில் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் விற்ற பாட்டு. இங்கே எந்தக் கல்யாண விருந்திலும் கரோக்கி இரவிலும் அதைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. 2014இல் அபர்டீன் கால்பந்து ரசிகர்கள் தங்கள் ஆட்டக்காரர் ஒருவரின் பெயரை அதன் பல்லவியில் போட்டுப் பாடியதில், அந்தப் பழைய பாட்டு மறுபடியும் விற்பனைப் பட்டியலுக்குள் வந்துவிட்டது.

வந்தவர்களில் நான்கு பேரைப் பற்றிச் சொன்னால் போதும், பெயர்கள் வேண்டாம். ஒருவர் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், ஹியூமன் லீக்கை அதன் முதல் காலத்திலேயே மேடையில் பார்த்தவர். இன்னொருவர் இரவுப் பணி பார்க்கும் செவிலியர், அந்த ஒரு பாட்டை மட்டும் மனப்பாடமாகத் தெரிந்தவர். மற்ற இருவரும் மாணவர்கள்: கணினி படிக்கும் ஒரு பெண், கிட்டார் வாசிக்கும் ஒரு பையன். இந்த ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்தது செவிலியர்தான். “அந்தப் பாட்டு இருக்கிற ஆல்பம் எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது தெரிஞ்சுக்கணும்” என்றார்.

முதல் அமர்வில் கவனித்தது

அந்த மாதம் கூட்டம் மாணவர்களின் வாடகை வீட்டில். கைபேசியில் ஆல்பத்தைத் தேடி, ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டார்கள். செயலி பாட்டுகளைக் கலைத்துப் போடும் நிலையில் இருந்தது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டாவதாகவே ‘டோன்ட் யூ வான்ட் மீ’ வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து பாடினார்கள், நல்ல கலகலப்பு. அதற்கப்புறம் நடந்ததுதான் இந்த ஆய்வுக்குக் காரணம். அந்தப் பாட்டு முடிந்த கையோடு பேச்சு ஆரம்பித்துவிட்டது. மிச்சப் பாட்டுகள் பேச்சுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ‘செகண்ட்ஸ்’ எப்போது வந்தது, எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ‘கெட் கார்ட்டர்’ என்ற ஒரு நிமிடத்து வாத்தியத் துண்டு இரண்டு வேகமான பாட்டுகளுக்கு நடுவில் வந்ததால், ஏதோ விளம்பரம் என்று நினைத்துவிட்டார் ஒருவர்.

பேச்சும் ஆல்பத்தைப் பற்றியதாக இல்லை. பெரியவருக்குக் கோபம். குழுவின் முதல் இரண்டு ஆல்பங்கள், 1979இல் வந்த ‘ரீப்ரொடக்‌ஷன்’, 1980இல் வந்த ‘டிராவலாக்’, இவைதான் உண்மையான ஹியூமன் லீக் என்றும், அந்தக் குழு உடைந்தபின் வந்தது வியாபாரம் என்றும் சொன்னார். கிட்டார் பையனுக்கு வேறு குறை: இதில் யாருமே எதையும் வாசிக்கவில்லை, மெஷினை முடுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றான். செவிலியர் மெதுவாக, “மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கே” என்றார்.

இந்த மூன்று கருத்தும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று எனக்குப் பட்டது. மூவரும் அந்த ஒரு பாட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டே மற்றதைக் கேட்டார்கள். பெரியவருக்கு அது துரோகத்தின் சாட்சி, பையனுக்கு மெஷின் பாட்டின் உதாரணம், செவிலியருக்கு மற்ற ஒன்பதும் எட்டாத உயரம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

அடுத்த மாதமும் இதே ஆல்பத்தை மறுபடி எடுப்பது என்று தீர்மானித்தோம். வட்டத்தில் அதுவரை அப்படிச் செய்ததில்லை, அதனால் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது.

பிரபலமான பாட்டை நீக்கிவிட்டு மற்ற ஒன்பதை மட்டும் கேட்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கணினி மாணவி அதை எதிர்த்தார். அதுவும் ஆல்பத்தின் பாகம்தானே, அதைத் தூக்கிவிட்டுக் கேட்பது இன்னொரு விதமாகக் கலைத்துப் போடுவதுதான் என்றார். அவர் சொன்னது சரி. அது மட்டுமில்லை, அதற்கான பதில் ஆல்பத்துக்குள்ளேயே இருந்தது. ‘டோன்ட் யூ வான்ட் மீ’ இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. அதை அங்கே தள்ளியது தற்செயல் இல்லை. பாடகர் பிலிப் ஓக்கிக்கு அந்தப் பதிவு பிடிக்கவில்லை, ஆல்பத்திலேயே வலுவில்லாத பாட்டு என்று நினைத்தார். ஏற்கெனவே மூன்று சிங்கிள் (தனியாக விற்கும் பாட்டு) வந்த ஆல்பத்திலிருந்து நான்காவதாக இதை வெளியிட வேண்டாம் என்று வாதாடியும் பார்த்தார். ஆல்பத்தை வெளியிட்ட வர்ஜின் நிறுவனத்தின் சைமன் டிரேப்பர் விடவில்லை. 1981 நவம்பர் கடைசியில் வந்த சிங்கிள் கிறிஸ்துமஸுக்கு முதல் இடத்தில் இருந்தது, அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் முதல் இடம். ஆக, ஆல்பத்தை அமைத்தவர்கள் யாரும் அந்தப் பாட்டை மையமாக வைத்து அமைக்கவில்லை. வரிசை மாறாமல் கேட்டாலே அது தன் இடத்தில் தானாக நின்றுவிடும், எதையும் நீக்கத் தேவையில்லை. இதுதான் முதல் முடிவு.

இரண்டாவது, பழைய எல்பி தட்டிலேயே கேட்பது. எல்பி என்றால் ஒலி உயர்வு என்ற வாதத்துக்காக இல்லை, எனக்கு அந்த வாதத்தில் ஈடுபாடும் இல்லை. காரணம், இந்த ஆல்பத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. முதல் பக்கம் ‘டூ ஆர் டை’ என்ற நீளமான பாட்டோடு முடிகிறது. தட்டைத் திருப்பினால் மெலிந்த ஒற்றைச் சின்தசைசரில் ‘கெட் கார்ட்டர்’. 1971இல் வந்த ஒரு படத்துக்கு ராய் பட் அமைத்த முகப்பு இசை அது. இடைவெளிக்குப் பிறகு திரை மறுபடி விலகும்போது கேட்க வேண்டிய துண்டு. வரிசையாக ஓடும் கோப்பில் அந்த இடைவெளியே இல்லாமல் போய்விடுகிறது. பெரியவர், கோபத்தையும் மீறி, தன்னிடம் இருந்த தட்டைத் தருவதாகச் சொன்னார். அது அவர் மனைவி வாங்கியதாம்.

மூன்றாவது, ஒவ்வொருவரும் ஒரு சத்தத்தை மட்டும் கடைசிவரை பின்தொடர்வது. பையனுக்கு டிரம், மாணவிக்கு அடியில் தாழ்ந்த சுரங்களில் ஓடும் பேஸ், செவிலியருக்குப் பெண் குரல்கள், பெரியவருக்கு ஓக்கியின் குரல். “ஒரே மாதிரி இருக்கு” என்று தோன்றுவது பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே திரளாகக் கேட்பதால்தான்.

நான்காவது, ஆல்பம் உருவான கதையை முன்னாலேயே சொல்லாமல், தட்டைத் திருப்பும் இடைவேளையில் சொல்வது. முன்னால் சொன்னால் பெரியவர் மறுபடியும் குழு உடைந்த கதைக்குப் போய்விடுவார், அதற்கப்புறம் யாரும் பாட்டைக் கேட்கப் போவதில்லை.

மறு அமர்வு: முதல் பக்கம்

‘தி திங்ஸ் தட் ட்ரீம்ஸ் ஆர் மேட் ஆஃப்’ முதல் பாட்டு. ஆசைகளின் பட்டியல்தான் மொத்தப் பாட்டும்: ஊர் சுற்றுவது, ஐஸ்கிரீம், செலவுக்குக் கொஞ்சம் காசு, இரண்டு மூன்று நண்பர்கள். பெரியவர் பாதிப் பாட்டிலேயே தலையை நிமிர்த்தினார். முடிந்ததும் அவர் சொன்னது எங்களுக்கு எதிர்பாராதது: 1980இல் எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூன்று மாதம் நடந்த ஊர் இது, அடுத்த வருஷம் இந்த ஊர்ப் பையன் ஒருவன் உட்கார்ந்து என்னென்ன வேண்டும் என்று கூச்சமே இல்லாமல் பட்டியல் போட்டிருக்கிறான், இதைத் தான் அப்போது கவனிக்கவே இல்லை என்றார். பாட்டில் வேலைநிறுத்தம் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. ஆனாலும் அந்த ஊரில் அந்த வருஷம் வாழ்ந்தவர் காதில் அது அப்படி விழுந்ததை நான் மறுக்க மாட்டேன்.

‘ஓபன் யுவர் ஹார்ட்’ பளிச்சென்ற மெட்டு, எல்லோருக்கும் உடனே பிடித்தது. ‘தி சவுண்ட் ஆஃப் தி க்ரவுட்’ வந்தபோது செவிலியர்தான் முதலில் பேசினார். அந்தப் பெண்கள் இருவரும் அழகாகப் பாட முயலவே இல்லை, தெருவில் நடந்து போகும்போது தோழியோடு சேர்ந்து பாடுவது போலப் பாடுகிறார்கள் என்றார். இந்த ஆல்பத்தைப் பற்றி நான் கேட்ட நல்ல அவதானிப்புகளில் அது ஒன்று. ‘டார்க்னஸ்’ வேகமாகவே ஓடுகிறது, ஆனால் விஷயம் இருட்டைக் கண்ட பயம். ‘டூ ஆர் டை’ பையனுக்குச் சலித்தது, நீளம் அதிகம் என்றான். எனக்கும் அந்தப் பாட்டு ஆல்பத்தின் தளர்ந்த இடமாகவே படுகிறது.

தட்டைத் திருப்பும் முன் சொன்ன கதை

1980 இறுதியில் குழு இரண்டாக உடைந்தது. சின்தசைசர் வேலையைக் கையில் வைத்திருந்த மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் விலகி, பிறகு ஹெவன் 17 என்ற குழு ஆனார்கள். குழுவின் பெயர் ஓக்கிக்கும், மேடையில் ஸ்லைடு காட்டிவந்த ஏட்ரியன் ரைட்டுக்கும் வந்தது, கூடவே கடனும், உடனே தொடங்க வேண்டிய ஐரோப்பியச் சுற்றுப்பயணமும். ஓக்கி ஷெஃபீல்டின் கிரேஸி டெய்சி என்ற இரவு விடுதியில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைக் கண்டு குழுவுக்கு அழைத்தார்: ஜோன் கேத்தரால், சூசன் ஆன் சலி. இயன் பர்டன் கீபோர்டுக்கு வந்தார். பிறகு ஜோ காலிஸ். அவர் அதற்கு முன் ஒரு பங்க் குழுவின் கிட்டார் கலைஞர், இங்கே வந்து கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு சின்தசைசர் பழகியவர். இந்த இடத்தில் கிட்டார் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்ட், முன்பு தி ஸ்ட்ராங்லர்ஸ், பஸ்காக்ஸ் போன்ற கிட்டார் குழுக்களைப் பதிவு செய்தவர். பதிவு நடந்தது பெர்க்ஷயரின் ஸ்ட்ரீட்லியில் இருந்த அவருடைய ஜெனெடிக் ஸ்டூடியோவில். அங்கே ரோலண்ட் எம்சி-8 என்ற சீக்வென்சர், அதாவது சுரங்களின் வரிசையை நினைவில் வைத்துச் சின்தசைசரை ஒலிக்கச் செய்யும் கருவி, இருந்தது. அதில் இசையை வாசித்து ஏற்ற வேண்டியதில்லை, எண்களாகத் தட்டலாம். ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த ஸ்தாயி, எவ்வளவு நேரம் கழித்து அடுத்தது, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று தனித்தனி எண். ஒரு பேஸ் வரியை உள்ளே ஏற்றவே பொறுமை வேண்டும். கணினி மாணவி உடனே, “அப்படின்னா இது கம்ப்யூட்டர் கோடு எழுதுற வேலை” என்றார். ஆமாம், கிட்டத்தட்ட அதுதான். டிரம்முக்கு லின் எல்எம்-1. நிஜ டிரம் சத்தங்களைப் பதிந்து சிப்பில் வைத்திருந்த முதல் டிரம் மெஷின் அது. நினைவகம் அப்போது விலை அதிகம் என்பதால் அதில் க்ராஷ், ரைடு என்ற பெரிய சிம்பல்களே (டிரம்மோடு சேர்த்து அடிக்கும் உலோகத் தட்டுகள்) கிடையாது. அந்த வெற்றிடம் இந்த ஆல்பத்தின் உலர்ந்த, சுத்தமான சத்தத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நிஜ டிரம் வாசிப்பில் சிம்பல் நிரப்பும் இடமெல்லாம் இங்கே காலியாக இருக்கிறது, குரலும் சின்தசைசரும் அந்த இடத்தில் நின்று தெளிவாகக் கேட்கின்றன.

“யாருமே வாசிக்கவில்லை” என்ற பையனின் குறை புதிதில்லை. 1982இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சின்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் தடை கேட்டுத் தீர்மானம் போட்டது. பிழைப்பு போய்விடுமோ என்ற பயம் அது, நியாயமான பயம். ஆனால் உழைப்பே இல்லை என்று சொன்னால் அது உண்மையில்லை. உழைப்பு விரலிலிருந்து முன்கூட்டிய தீர்மானத்துக்கு இடம் மாறியது. ஒவ்வொரு அடியும் எங்கே விழ வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

மறு அமர்வு: இரண்டாம் பக்கம்

‘கெட் கார்ட்டர்’ ஒலித்தபோது யாரும் பேசவில்லை, அது ஒரு நிமிடம்தான். அடுத்து ‘ஐ ஆம் தி லா’, 2000 ஏடி காமிக்ஸில் காவலரும் நீதிபதியும் ஒருவராகவே வரும் ஜட்ஜ் ட்ரெட் பாத்திரத்தை வைத்து எழுதியது. மெதுவான, கிட்டத்தட்ட வெறுமையான பாட்டு. ஓக்கியின் கனத்த குரல் அதிகாரத்தின் வாயிலிருந்து பேசுகிறது, கேட்பவனுக்கு ஆறுதலும் மிரட்டலும் ஒன்றாக வந்து சேர்கின்றன. பெரியவர் இதைத்தான் அதிக நேரம் பேசினார். தான் நேசித்த பழைய ஹியூமன் லீக்கின் குளிர்ச்சி இங்கே போகவே இல்லை, அதை அடுத்த அறைக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றார்.

அப்புறம் ‘செகண்ட்ஸ்’. முதல் அமர்வில் ஒருவர் காதிலும் விழாத பாட்டு. 1963இல் கென்னடி சுடப்பட்டதைப் பற்றியது. பாட்டு இறந்தவரைப் பார்த்துப் பேசவில்லை, சுட்டவனைப் பார்த்துப் பேசுகிறது: உனக்குச் சில நொடிகள்தானே ஆனது என்று. சொற்கள் குறைவு. மெதுவாக ஏறி, ஒரு கட்டத்தில் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்குகிறது. இசையோ நடனத் தளத்துக்குப் போகக்கூடிய இசை, அதுதான் உறுத்துகிறது. செவிலியர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பாட்டு முடிந்ததும் ஊசியைத் தூக்கச் சொன்னார், அதையே மறுபடி கேட்டோம். வட்டத்தின் வழக்கத்தில் இல்லாத விஷயம், ஆனால் அன்று யாரும் மறுக்கவில்லை.

‘லவ் ஆக்‌ஷன்’ வந்தபோது அறையே இளகிவிட்டது. நடுவில் ஓக்கி தன் பெயரைச் சொல்லியே பேசும் இடம் உண்டு. ‘செகண்ட்ஸ்’ முடித்த கையோடு கேட்கும்போது காதலை நம்புகிறேன் என்று இந்தப் பாட்டு சொல்லும் நம்பிக்கை எளிதாகக் கிடைத்ததாகத் தெரிவதில்லை.

இடைவெளி விடாமல் கடைசிப் பாட்டு. யாரும் கூடப் பாடவில்லை. அது இரண்டு பேரின் சண்டை என்பது எல்லோருக்கும் தெரியும்தான், இருந்தாலும் அன்றுதான் அந்த ஆண் எவ்வளவு மோசமாகப் பேசுகிறான் என்று கவனித்தோம். மதுவிடுதியில் பரிமாறிக்கொண்டிருந்த உன்னை ஆளாக்கியது நான், நினைத்தால் பழைய இடத்துக்கே அனுப்பவும் முடியும் என்கிறான். பெண் அலறவில்லை, பரிமாறிக்கொண்டிருந்தது உண்மைதான், நீ இல்லாவிட்டாலும் நல்ல இடத்துக்கு வந்திருப்பேன் என்று அமைதியாகச் சொல்கிறாள். செவிலியர் இத்தனை வருஷம் பல்லவியை மட்டுமே பாடியிருந்தாராம். அன்று அவர் பின்தொடர்ந்தது பெண் குரலை என்பதால், அந்தப் பதில்தான் பாட்டின் மையமாகக் கேட்டது என்றார். சூசன் சலியின் பயிற்சியில்லாத குரல் இந்த இடத்துக்குத்தான் எவ்வளவு பொருந்துகிறது! தேர்ந்த பாடகி பாடியிருந்தால் அது நாடகமாகியிருக்கும்.

பின்னர் நடந்தது

செவிலியர் ‘செகண்ட்ஸ்’ஸைத் தன் பணிக்குப் போகும் பேருந்தில் கேட்கிறார். மாணவி எம்சி-8இன் முறையில், எண்களை மட்டும் தட்டி, ஒரு பேஸ் வரியைத் தன் கணினியில் எழுதிப் பார்த்தார். வந்தது விறைப்பாக இருந்தது. ஒலிக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்ததும்தான் அது ஆடத் தொடங்கியது என்று அடுத்த கூட்டத்தில் போட்டுக் காட்டினார். பையன் முழுதாக மாறவில்லை. டிரம் அடிகளை மதிக்கிறேன், ஆனால் இந்த ஆல்பம் எனக்கானது இல்லை என்றான், அதை யாரும் தோல்வியாக எண்ணவில்லை. பெரியவருக்கு இன்னும் ‘டிராவலாக்’தான் மேல். இருந்தாலும் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது, இதை வீட்டில் தான் போட்டதே இல்லை, மனைவி மட்டும்தான் போடுவாள், இனி சேர்ந்து கேட்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாற்ற வேண்டியவை

ஓக்கிக்குக் கடைசிப் பாட்டு பிடிக்கவில்லை என்ற செய்தியை முடிவெடுக்கும் பேச்சிலேயே எல்லோரும் அறிந்துவிட்டார்கள். கேட்டு முடித்த பிறகு அது தெரிந்திருந்தால் நல்லது. பிரபலமான பாட்டை மட்டம் தட்டுவதுதான் ரசனை என்று ஒரு எண்ணம் அதனால் லேசாக நுழையப் பார்த்தது. அது நல்ல பாட்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு சத்தத்தைப் பின்தொடரும் முறையை முதல் பக்கத்தோடு நிறுத்தலாம். இரண்டாம் பக்கத்தில், குறிப்பாக ‘ஐ ஆம் தி லா’வில், மாணவி பேஸையே துரத்திக்கொண்டிருந்து சொற்களைத் தவறவிட்டார்.

1982இல் ரஷென்ட் இதே ஆல்பத்தின் பாட்டுகளை டேப்பை வெட்டி ஒட்டி, பெரும்பாலும் குரல் இல்லாமல், ‘லவ் அண்ட் டான்சிங்’ என்ற தனித் தட்டாகக் கொண்டுவந்தார். அதையும் அன்றிரவே போட நினைத்திருந்தோம், நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் கூடாது, அதற்குத் தனி மாலை வேண்டும். அடுத்த முறை வரிசை இப்படி: முதல் மாதம் ‘டிராவலாக்’, அடுத்த மாதம் ‘டேர்’, அதற்கடுத்து ‘லவ் அண்ட் டான்சிங்’. முதல் மாதத்துக்கான தட்டைப் பெரியவரே கொண்டுவருகிறார்.